பூவரசம்பூவில் வந்த பிசகு: மண்டபம் பக்கத்துப் படக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கத்தில் இருக்கும் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு படக் குழு நடத்துகிறோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். ஆளுக்கு நாலைந்து படம் கொண்டுவந்து புரொஜெக்டரில் போட்டுப் பார்த்துப் பேசுவோம். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். அதனாலேயே கூட்டத்தை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

நடந்ததில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராமநாதபுரத்தில் முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர். ஒரு ரோலில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் தொழில் கற்றவர். ஒரு படம் வீணானாலும் முதலாளி எல்லார் முன்னாலும் தலையில் குட்டுவாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இன்னொருவர் 22 வயதுப் பெண். மருந்துக் கடையில் வேலை, அப்பாவுக்கு நாட்டுப்படகு. இரவல் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும்தான் அவரிடம் இருந்தவை. கடலோரத்தில் தானாக வளரும் செடிகளின் பூக்களைத் தவிர வேறு எதையும் எடுக்க மாட்டார். அடம்பு, எருக்கு, பூவரசு, தாழை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் அவரைப் 'படம் எடுத்தவர்' என்றே சொல்கிறேன்.

எட்டு மாதமாக அவர் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவந்தார். வந்த பதிலெல்லாம் 'சூப்பர்', 'அருமைம்மா', நாலு கைதட்டல். நானும் அப்படித்தான் போட்டேன். ஒரு படத்தைக்கூட நின்று பார்த்துவிட்டுப் பதில் எழுதவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதற்கிடையில் உள்ளூர்ப் பள்ளி ஒன்று வராந்தாவில் மாட்டுவதற்குக் கடலோரச் செடிகளின் படம் 12 கேட்டது. எல்லாமே அவருடைய படங்களாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். எதை மாட்டுவது, எதை விடுவது என்று பார்க்கத்தான் ஜனவரிக் கூட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு ஏழு படம் காட்டினார். முதலில் அடம்பங்கொடி. மணலில் படர்ந்த கொடியில் ஒரு பூ, நேர் மேலிருந்து எடுத்தது. திரையில் அடர்ந்த ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது, அவ்வளவே. இதழின் மடிப்போ, அடம்பம்பூவில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஐந்து வரியோ ஒன்றும் தெரியவில்லை.

"கலரை அள்ளி ஊத்தின மாதிரி இருக்கேம்மா. காலண்டர் படம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"வெயில் ஏறிடுச்சு சார். கடையில லீவு கிடைச்சு நான் போறதுக்குள்ள பதினொரு மணி."

அடுத்த படத்தில் இதே கொடி, கிழிந்து ஒதுங்கிய நைலான் வலைத் துண்டு ஒன்றின் கண்களுக்குள் நுழைந்து வெளியே வந்து பூத்திருந்தது. "பூவை எடுக்கறப்போ பின்னாடி கிடக்கற குப்பையை ஒதுக்கிட்டு எடுக்கணும்" என்றார் அவர். படம் எடுத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேறு இருவர் "ஆமா, பேக்ரவுண்டு கிளீனா இல்ல" என்று சேர்ந்துகொண்டார்கள்.

ஐந்தாவதும் ஆறாவதும் பூவரசம்பூ. ஒன்றில் எலுமிச்சை மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. மற்றொன்றில் அதே கிளை, அதே போன்ற பூ, ஆனால் மங்கலான ரோஜா நிறம். தலைப்போ விளக்கமோ எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து வந்தன.

"ஒரே மரம், ஒரே பூ, ரெண்டு கலரா? ஒயிட் பேலன்ஸ்னா என்னன்னே தெரியாம எடுத்திருக்கே" என்றார் ஸ்டுடியோக்காரர். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்து வைப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது படத்தை அவரே தள்ளிவிட்டார். அன்று இரவு அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக எங்கள் எல்லார் கைபேசியிலும் ஒரு வரி வந்தது.

இதில் என் பங்கையும் பதிவு செய்ய வேண்டும். காலையில் மஞ்சளாக விரியும் பூவரசம்பூ பொழுது போகப் போகச் சிவந்து, மறுநாள் ரோஜா நிறத்தில் வாடும். சின்ன வயதில் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய எவனுக்கும் இது தெரியும். நானும் ஊதியவன்தான். நிறத்தைப் பற்றித்தான் தினமும் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் 'ஒயிட் பேலன்ஸ்' என்ற சொல் அத்தனை உறுதியோடு வந்து விழுந்ததும், அதைத்தான் நம்பினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

அடுத்த மூன்று நாள்

அன்றிரவே கூப்பிட்டிருக்கலாம். கோபம் தணியட்டும் என்று விட்டேன். அது தவறு. நாம் விட்ட நேரத்தில் கோபம் தணியவில்லை, அவமானம் கெட்டிப்பட்டது. நான்காம் நாள் குழுவில் உள்ள தமிழாசிரியை ஒருவர் மருந்துக் கடைக்குப் போய் விசாரித்தார். "கேமராவைத் திருப்பிக் கொடுத்துட்டேன் டீச்சர்" என்பதுதான் பதில்.

நான் அந்த ஏழு படங்களையும் கணினியில் ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போது ஒன்று பிடிபட்டது. ஸ்டுடியோக்காரர் சொன்ன மூன்று குறையும் மூன்று ரகம்.

அடம்புப் படத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. புரொஜெக்டர் நிறத்தைக் கூட்டித்தான் காட்டும் என்றாலும், கணினியிலும் பூவுக்குள் விவரம் இல்லை. கேமராவின் பொதுவான வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்: இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம், வலது ஓரத்தில் முட்டினால் அங்கே விவரம் போய்விட்டது என்று பொருள்) ஒழுங்காகவே இருந்தது. அதனால்தான் எடுத்தவருக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த வரைபடம் பொதுவாக மூன்று நிறத்தையும் கலந்து கணக்கிடும்போது பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 சதவீதம் என்ற அளவில்தான் இடம் கொடுக்கிறது. அடம்பம்பூவில் பச்சை குறைவு. ஆகவே சிவப்பு நிரம்பி வழிந்தாலும் மொத்த வரைபடம் நடுவில் சாதுவாக நிற்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, சிவப்பு வலது சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு என்பதால் மீட்கவும் வழியில்லை.

பூவரசம்பூவைப் பற்றிச் சொன்னது அப்பட்டமான பிழை. வலைப் படம் இரண்டிலும் சேராது. எடுத்தவர் பூவைக் காட்ட நினைத்தாரா, வலைக்குள் பூத்ததைக் காட்ட நினைத்தாரா என்று கேட்காமல் அங்கே சரி, தவறு பேசவே முடியாது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மூன்றும் ஒரே தொனியில், ஒரே மூச்சில் வந்ததால், அவற்றில் ஒன்று பிழை என்று தெரிந்திருந்த படம் எடுத்தவர் மற்ற இரண்டையும் சேர்த்து உதறிவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மரத்தடியில்

நேரே மன்னிப்புக் கேட்க வைப்பதா, முதலில் உண்மையைக் காட்டுவதா என்று யோசித்தேன். ஸ்டுடியோக்காரரிடம் போனில் சொன்னபோது, "நான் என்னத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்? எங்களுக்கெல்லாம் குட்டித்தானே சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார். வற்புறுத்தி வாங்கும் மன்னிப்பால் யாருக்கும் பயன் இருக்காது என்று தோன்றியது. ஆகவே, "ஒரு நாள் காலையில் வாங்க, ஒரு மரத்தைப் பார்க்கணும்" என்று மட்டும் கூப்பிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பூவரசு. காலை ஏழு மணிக்கு வந்தார். படத்தில் நிறத்தைச் சரிபார்க்க உதவும் பழைய சாம்பல் நிற அட்டையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மாலை வெயிலுக்கே ஒரு மஞ்சள் உண்டு, அதனால் இரண்டு வேளைக்கும் ஒரே அமைப்பில் எடுத்தால் ஒப்பிட முடியாது, ஒவ்வொரு முறையும் அட்டையைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளை நூலை எடுத்து, விரிந்திருந்த ஒரு பூவின் காம்பில் கட்டினார். "நாளைக்கு வேற பூன்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல."

மாலை ஐந்தரைக்கு வந்து பார்த்தோம். நூல் கட்டிய பூவில் செம்மை ஏறியிருந்தது. மறுநாள் காலை அது முழுக்க மங்கிய ரோஜா நிறத்தில், சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த பூக்களும் அதே நிறம். அவர் ஒன்றைக் குனிந்து எடுத்து, இதழை விரலால் நீவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"முப்பது வருஷமா இந்த மரத்தடியிலதான் பஸ் ஏறுறேன் வாத்தியாரே" என்றார்.

அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். வயிற்று உப்புசத்துக்கு மாத்திரை வாங்கப் போனவர் மாதிரி நின்று, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "அந்தப் பூ நிறம் மாறும்னு எனக்குத் தெரியாதும்மா. நான் சொன்னது தப்பு. ஆனா அடம்புப் படத்துல நான் சொன்னது சரிதான்" என்றாராம். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லியிருந்தால் தான் திரும்பி வந்திருக்க மாட்டேன் என்று படம் எடுத்தவர் பிறகு என்னிடம் சொன்னார். சமாதானப்படுத்த வந்தவராகத்தான் அவரை எடுத்துக்கொண்டிருப்பாராம்.

கரையில் நடந்த கூட்டம்

பிப்ரவரிக் கூட்டத்தை மாடியில் வைக்கவில்லை. எந்த இடத்தில் படம் எடுத்தாரோ அங்கேயே போய்ப் பேசுவோம் என்று முடிவு செய்தோம். நான் அரியமான் கடற்கரை என்றேன். "வாடைக் காத்து இன்னும் விடலை சார். வடகரைக்குப் போனா ஒரு பூவும் அசையாம நிக்காது. பெண் கடல் இப்போ ஆண் கடலாட்டம் இருக்கும். வேதாளைப் பக்கம் போவோம்" என்றார் படம் எடுத்தவர். இங்கே அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வோம். வடக்கிலிருந்து காற்று வரும் மாதங்களில் தென்கரைக்கு ஊரும் பனங்காடுமே மறைப்பு. அவர் சொன்னபடியே போனோம். காலை ஆறரைக்குக் கொடி முழுக்கப் பூ. இதழ்கூட ஆடவில்லை.

அன்றைக்குத்தான் குறை சொல்வது செய்து காட்டுவதாக மாறியது. ஸ்டுடியோக்காரர் தன் வெள்ளை வேட்டியொன்றைக் கொண்டுவந்திருந்தார். ஏழே காலுக்கு வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்ததும், இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பூவுக்கு மேலே பிடித்தார்கள். கடுமையான நிழல் போய், இதழின் மேல் வெளிச்சம் பால் மாதிரி பரவியது. கேமராவின் வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப்பில் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) மூன்றில் இரண்டு பங்கு குறைக்கச் சொன்னார். மூன்று நிறத்துக்கும் தனி வரைபடம் வருகிற மாதிரி கேமராவை மாற்றி வைத்துக் கொடுத்தார். சிவப்பு சுவரைத் தொடாமல் நின்றது. ஐந்து வரியும் தெரிந்தன.

தமிழாசிரியை ஒன்று கேட்டார். குறுந்தொகையின் 243ஆம் பாட்டு அடும்பின் இலையை மானின் காலடிக்கும், பூவைக் குதிரை மாலையில் கோத்த மணிக்கும் ஒப்பிடுகிறது. மேலேயிருந்து எடுத்தால் மணி எங்கே தெரியும்? படம் எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் மணலில் குப்புறப் படுத்தார். கால் மீட்டர் தூரத்தில், பூவின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, எஃப் 8 என்ற நடுத்தர லென்ஸ் துளையில், பக்கவாட்டில் எடுத்தார். பூ மணியாக நின்றது, கீழே பிளந்த இலை இரண்டு. எழுந்தபோது முழங்கையெல்லாம் நெருஞ்சி முள். நாங்கள் பார்த்த அவருடைய படங்களிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கருத்து.

வலைப் படத்தைப் பற்றியும் அங்கேதான் கேட்டோம். "அப்பாவோட வலை சார் அது. அறுந்துபோச்சுன்னு கரையில போட்டது. அதுக்குள்ள கொடி ஏறிடுச்சு." அதற்குமேல் பின்னணியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்டுடியோக்காரர் மட்டும், "அப்படீன்னா வலை இன்னும் கூடத் தெரியணும். பாதியில வெட்டியிருக்கே, அதான் குப்பை மாதிரி தெரிஞ்சுது" என்றார். முதல் நாள் சொன்ன அதே குறைதான். எடுத்தவரின் நோக்கம் தெரிந்த பிறகு நேர் எதிரான திசையில் போனது.

மாற்றிய முறைகளும் காரணமும்

மார்ச்சிலிருந்து படம் காட்டுகிறவர் முதலில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: இதில் எதைக் காட்ட நினைத்தேன். பார்ப்பவர்கள் தங்கள் கண் முதலில் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். நல்லது, கெட்டது எல்லாம் அப்புறம். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் பேச வேண்டிய இடம். குறை சொல்கிறவர் படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். 'பேக்ரவுண்டு கிளீனா இல்ல' என்பதற்கு இடமில்லை. எந்த மூலை, எந்தப் பொருள் என்று காட்ட வேண்டும். பாராட்டுக்கும் இதுவே விதி. 'சூப்பர்' என்றால் எது சூப்பர் என்று தொட்டுக் காட்ட வேண்டும்.

கேட்கும் பக்கத்துக்கான முறையில்தான் நிறைய விவாதம் வந்தது. குறை கேட்கிறவர் பதில் பேசாமல் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். பெரும்பாலும் அது சரி. 'வெயில் ஏறிடுச்சு', 'காத்து அடிச்சுது' என்பதெல்லாம் படம் பார்ப்பவருக்கு உதவாது. படத்தோடு கூடவே போய் நாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டது பூவரசம்பூவுக்கு. பேச வேண்டிய ஒரே இடம் அது. எனவே ஒரு விலக்கு வைத்தோம். தன் சிரமத்தைச் சொல்வதாக இருந்தால் நோட்டில் எழுது. பூவைப் பற்றி, செடியைப் பற்றி, இடத்தைப் பற்றித் தெரிந்த தகவலாக இருந்தால் உடனே கையைத் தூக்கு, யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தலாம். கையைத் தூக்கினால் நடத்துகிறவர் கூட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி எனக்காக வைத்தது.

பிறகு நடந்தது

ஒரு மாலைக்கு நாற்பது படம் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒன்பது, பத்துதான். இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். "மனசாரப் பாராட்டக்கூட ரூல்ஸா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஸ்டுடியோக்காரர் இன்னும் 'காலண்டர் படம்' என்று சொல்லத்தான் செய்கிறார். இப்போது கூடவே "எங்கே?" என்று நாலு பேர் கேட்பதால், எழுந்து போய் விரல் வைக்கிறார். படம் எடுத்தவர் கேமராவைத் திரும்ப வாங்கிவிட்டார், கேமரா பதிந்த விவரத்தைச் சுருக்காமல் வைக்கும் ரா (RAW) கோப்பாகத்தான் எடுக்கிறார். ஏப்ரலில் புதிதாக வந்த ஒரு பையனின் எருக்கம்பூப் படத்தைப் பார்த்து அவரே வெடுக்கென்று, "ஃபோகஸே இல்ல, அடுத்தது" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய், எந்த இதழ் நுனி தெளிவாக இருக்கிறது, எது மங்கிவிட்டது என்று காட்டிவிட்டு வந்தார்.

பள்ளி வராந்தாவில் 12 படமும் மாட்டியாகிவிட்டது. வலைப் படம் மறுபடி எடுத்தது. வலை முழுவதும் உள்ளே இருக்கிறது. பூவரசம்பூ இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சட்டத்தில். தலைப்பு என்ன வைப்பது என்று கேட்டதற்கு, 'காலை', 'மறுநாள் காலை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுபடி நடந்தால்

நான்காம் நாள் வரை காத்திருக்க மாட்டேன். கூட்டம் முடிந்து படி இறங்கும்போதே பேசிவிடுவேன். பள்ளிக்குக் கொடுப்பது போன்ற ஒரு காரியத்துக்காகப் படம் பொறுக்கும் கூட்டத்தையும், கற்றுக்கொள்வதற்கான கூட்டத்தையும் ஒரே மாலையில் வைக்க மாட்டேன். பொறுக்கும்போது எதையாவது தள்ளித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் வராது. புதிதாக வருகிறவரிடம், எவ்வளவு தூரம் குறை சொல்லலாம் என்று முன்னதாகவே தனியாகக் கேட்டுவிடுவேன். இதை இப்போது செய்கிறோம். 'கொஞ்சமா' என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள், 'வெளுத்து வாங்குங்க' என்று சொல்லிவிட்டு முகம் சுண்டிப்போனவர்களும் இருக்கிறார்கள்.

அன்றைக்குச் சேர்ந்துகொண்டு சிரித்த நாலைந்து பேர் அவரிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை. அது சரியா என்று இன்னும் முடிவாகவில்லை.

புரொஜெக்டரை மாற்றப் பணம் சேரவில்லை. ஆகவே அதை மூடி வைத்துவிட்டு, ஸ்டுடியோக்காரர் தன் கடையில் பேப்பர் காசுக்கே மேக்சி சைஸில் போட்டுக் கொண்டுவரும் பிரிண்டுகளை டியூஷன் பெஞ்சில் பரப்பி, சுற்றி நின்று பார்க்கிறோம். விரல் வைத்துக் காட்ட அதுவே வசதியாகவும் இருக்கிறது. கூட்டம் முடியும்போது படங்களின் மேலெல்லாம் விரல்ரேகை. அடுத்த மாதம் துடைப்பதற்கு ஒரு துணி கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் பேசிக்கொள்கிறோம்.